கடமும் கிதாரும்: ஒரு சங்கமத்தின் ஆராய்ச்சி

மேனாட்டு ஜாஸ் சங்கீதமும் நம்முடைய ராக சங்கீதமும் ஒரே மேடையில் அமர்ந்து, எழுதிவைத்த ஏட்டைப் பார்த்து வாசிக்காமல், அந்தந்தக் கணத்தில் உதிக்கும் கற்பனையையே ஆதாரமாகக் கொண்டு ஒருங்கே ஒலிக்க முடியுமா, ஒலித்தால் அதனால் இரண்டுக்கும் ஆதாயம் உண்டா, அல்லது இரண்டும் தத்தம் இலக்ஷணத்தை இழந்து மூன்றாவதாக ஒரு வேடிக்கைச் சரக்கு மட்டும் மிஞ்சுமா என்ற விவாதம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. இதைக் கலப்படம் என்று தள்ளிய ரஸிகர்களும் உண்டு; இதுவே வருங்காலம் என்று கொண்டாடிய இளைஞர்களும் உண்டு. இரு சாராரும் பெரும்பாலும் ராகத்தின் தூய்மையை வைத்தே வழக்காடினார்கள். அந்தக் கட்சிகளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, இந்தச் சங்கமம் எங்கே உறுதியாக நின்றது, எங்கே வழுக்கியது, அதற்குக் காரணம் யாது என்று பரிசீலிப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

நியூயார்க்கிலும் லண்டனிலும் நடந்த காரியத்தை, வைகையின் வடகரையில் தறி ஓசைக்கு நடுவே இருக்கும் மதுரைச் செல்லூரிலிருந்து ஒருவன் எதற்காக ஆராய வேண்டும் என்று கேட்கலாம். அந்தக் காரியத்தின் வேர்களில் சில நம் மாவட்டங்களில் ஓடுகின்றன என்பதே பதில். ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேயக் கிதார் வித்துவான் அமெரிக்காவின் வெஸ்லியன் சர்வகலாசாலையில் வீணை பயின்றது டாக்டர் எஸ். ராமநாதனிடம்; சிலப்பதிகார இசையை ஆராய்ந்த அந்தப் பேரறிஞர் மதுரை சத்குரு சங்கீத வித்யாலயத்தின் முதல்வராக இருந்தவர். மெக்லாஃப்லின் அமைத்த ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டில் மிருதங்கம் வாசித்தவர் ராமநாதபுரத்தின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய ராம்நாட் ராகவன். அந்தக் குழுவின் தாளத்துக்கு ஆதாரமாய் நின்ற கடம் என்ற வாத்தியத்துக்குத் தென்னாட்டில் பெயர்பெற்ற ஊரோ, நம்மிடமிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் அதே வைகைக் கரையில் இருக்கும் மானாமதுரை.

இரண்டு மரபுகளின் அமைப்பு

ஜாஸ் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் முதலிய நகரங்களில் கறுப்பின மக்களிடையே பிறந்த சங்கீதம். ஒரு பாட்டின் மெட்டை முதலில் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, அதன் அடியில் ஓடும் சுரக்கூட்டங்களின் வரிசையை மட்டும் மாறாமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாத்தியக்காரரும் முறைபோட்டுத் தம் கற்பனையை விரித்து, கடைசியில் எல்லோரும் மெட்டுக்குத் திரும்புவது அதன் பொதுவான வழக்கம். நம் கச்சேரியில் பல்லவியை எடுத்து நிரவல் செய்து, கல்பனாஸ்வரம் பாடி, எடுப்புக்கு வந்து சேர்வதை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. செல்லூர் நெசவாளர் தறியில் பாவை இழுத்துக் கட்டிய பிறகே ஊடை தன் விருப்பப்படி வண்ணம் மாற்றி ஓடுவதுபோல, இரண்டு சங்கீதங்களிலும் அசையாத ஒன்று இருப்பதனாலேயே அசைகின்ற ஒன்றுக்குச் சுதந்திரம் கிடைக்கிறது.

ஆனால் அசையாமல் நிற்பது எது என்பதில் இரண்டும் பிரிகின்றன. நமக்கு ஆதார ஷட்ஜம் அசையாது. தம்புரா அதைக் கச்சேரி முடியும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும். ஜாஸ் சங்கீதத்திலோ ஒன்றோடொன்று சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள், அதாவது கார்டுகள், சில அக்ஷரங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருக்கும். மாறும் அந்த ஒழுங்குதான் அங்கே மாறாதது. ஒருவருக்கு நிலமாக இருப்பது மற்றவருக்கு நதியாக இருக்கிறது என்பதை மறந்து செய்யப்பட்ட முயற்சிகள் பல தோற்றதில் வியப்பில்லை.

முன் நடந்த முயற்சிகள்

அசையாதது எது என்பதில் இருந்த இந்த விரோதம் தளர்வதற்கு முதற்காரணம் ஜாஸ் சங்கீதத்துக்குள்ளேயே நேர்ந்த ஒரு மாறுதல். 1959இல் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ என்ற தட்டில், கார்டுகளின் ஓட்டத்தைக் குறைத்து, ஒரே ஸ்வரவரிசையில் நெடுநேரம் நின்று கற்பனை செய்யும் முறை பிரபலமாயிற்று. அந்தத் தட்டில் வாசித்த ஜான் கோல்ட்ரேன் பின்னர் ரவிசங்கரின் சங்கீதத்தில் ஈடுபட்டு, 1961இல் இந்தியாவின் பெயரையே ஒரு படைப்புக்குச் சூட்டினார். 1965இல் பிறந்த தம் மகனுக்கு ரவி என்று பெயரிட்டார். மேற்கத்திய வித்துவான் ஒரே ஆதாரத்தில் நிற்கப் பழகிய பிறகே ராகத்தை அணுகும் வாசல் அவருக்குத் திறந்தது.

நேரடிச் சந்திப்புகளும் நிகழ்ந்தன. 1958இல் அமெரிக்க அரசாங்கம் அனுப்பிய டேவ் ப்ரூபெக் குழு சென்னைக்கும் வந்தது; அதன் டிரம் வித்துவான் ஜோ மொரெல்லோ, லய மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு கலந்து வாசித்தார். அது சம்பாஷணையாக இருந்ததேயன்றிக் கூட்டுப் படைப்பாக வளரவில்லை. லண்டனில் கல்கத்தாவைச் சேர்ந்த ஜான் மேயரும் ஜமைக்காவைச் சேர்ந்த ஜோ ஹாரியட்டும் 1966 தொடங்கி ‘இந்தோ ஜாஸ்’ என்ற பெயரில் சில தட்டுகளை வெளியிட்டனர். சிதார் முதலிய வாத்தியங்களைக் கொண்ட ஓர் அணியும் ஜாஸ் அணியும் எதிரெதிரே அமர்ந்து, பெரும்பாலும் எழுதப்பட்ட சங்கீதத்தை வாசித்தன. இரண்டு தரப்பும் அருகருகே ஒலித்தன. ஒன்றன் கற்பனையை மற்றொன்று தொடவில்லை. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவைக் கூட்டத்தில் நிற்பவனுக்கு ஒரு காதில் நையாண்டி மேளமும் மறுகாதில் வேறொரு கொட்டும் விழுகின்றன. அதைச் சேர்ந்திசை என்று யாரும் சொல்வதில்லை.

ஆழமான வேலை வெஸ்லியனில் நடந்தது. அறுபதுகள் தொடங்கி அங்கே டி. ரங்கநாதன், டி. விஸ்வநாதன், ராம்நாட் கிருஷ்ணன், ராம்நாட் ராகவன், எஸ். ராமநாதன் முதலியோர் ஆசிரியர்களாகப் போனார்கள். சுற்றுப்பயணம் செய்யும் வித்துவான் ஒரு மாலைக்கு விருந்தாளி. ஆசிரியராக இருப்பவரோ ஆண்டுக்கணக்கில் பாடம் சொல்கிறார். சரளி வரிசையிலிருந்து பயின்ற மேனாட்டு மாணவர்கள் அங்கே உருவானதால்தான் அடுத்த பத்தாண்டில் உண்மையான சேர்க்கை சாத்தியமாயிற்று.

சக்தி குழு

மெக்லாஃப்லின் 1942இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். மைல்ஸ் டேவிஸோடு வாசித்துப் புகழ்பெற்று, 1971இல் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற மின்வாத்தியக் குழுவை அமைத்து, பேரொலியாலும் பெருவேகத்தாலும் உலகைத் திகைக்க வைத்தவர். அந்தப் புகழின் உச்சியில் மின் கிதாரைக் கீழே வைத்துவிட்டு, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, மிருதுவாக ஒலிக்கும் மரக் கிதாரை எடுத்துக்கொண்டது சாமானியத் துணிவல்ல. பழைய ரஸிகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்த வயலின் வித்துவான் எல். சங்கர், அல்லா ரக்காவின் புதல்வரான தபலா வித்துவான் ஜாகீர் உசேன், கடம் டி.எச். விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன் ஆகியோர் அவரோடு சேர்ந்தனர். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் சௌத்ஹாம்ப்டனில் நடந்த கச்சேரி 1976இல் முதல் தட்டாக வெளிவந்தது. ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ என்று மேலும் இரண்டு வந்த பிறகு, எழுபதுகள் முடிவதற்குள் குழு கலைந்தது.

இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் 1997இல் ஹரிப்ரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் அது மீண்டும் கூடியது. அதன்பின் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும், பாடகர் சங்கர் மகாதேவனும் வந்து சேர்ந்தார்கள். ‘வெண்ணிலா கபடி குழு’ படத்துக்கு இசையமைத்தவர் என்று தமிழ்நாடு அறிந்த செல்வகணேஷ், உலக மேடைகளில் கஞ்சிராவால் அறியப்பட்டவர். 2014இல் ஸ்ரீநிவாஸ் நாற்பத்தைந்து வயதில் மறைந்தது இந்தச் சரித்திரத்தில் ஆறாத இழப்பு. வயலின் கணேஷ் ராஜகோபாலனும் சேர்ந்த அணி 2023இல் வெளியிட்ட ‘திஸ் மொமெண்ட்’ தட்டு, 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 15இல் ஜாகீர் உசேன் காலமானார்.

சுருதியும் கார்டும்

மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றை மாற்றாமலேயே ரிஷபத்தை ஷட்ஜமாகக் கொண்டால் மத்தியமாவதி பிறக்கும். காந்தாரத்தைக் கொண்டால் ஹிந்தோளம். பஞ்சமத்தைக் கொண்டால் சுத்த சாவேரி. தைவதத்தைக் கொண்டால் சுத்த தன்யாசி. இந்தக் கிரகபேதத்தை நம் வித்துவான்கள் ஆலாபனையின் நடுவே ஒரு மின்னலாகக் காட்டிவிட்டு மீள்வார்கள். கீழே ஒரு பாஸ் கிதாரோ பியானோவோ கார்டுகளை மாற்றிக்கொண்டே சென்றால், பாடகர் மோகனம் பாடிக்கொண்டிருக்கும்போதே கேட்பவரின் செவியில் ஷட்ஜம் இடம்பெயர்ந்து, ராகம் அவர் அறியாமலே வேறொன்றாகக் கரைந்துவிடும். கலப்பிசை என்ற பெயரில் நாம் கேட்கும் பலவற்றில், பாடுகிறவரிடம் குற்றம் இல்லாதபோதும் ராகபாவம் நிற்காமல் போவதற்குக் காரணம் இதுவே.

சக்தி குழுவின் முதல் அணியில் பியானோவும் இல்லை, பாஸும் இல்லை என்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கிப்சன் நிறுவனத்துக்காக ஏபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் மெக்லாஃப்லினுக்குச் செய்து கொடுத்த கிதாரில், பிரதான தந்திகளுக்குக் குறுக்கே சாய்வாக ஏழு சுருதித் தந்திகள் கட்டப்பட்டிருந்தன. விரல் தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் பிடிப்பதற்காக மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. வீணையிடம் பாடம் கேட்ட கிதார் அது. கார்டுகளைக் கொண்டுவந்து நம் ராகத்தின்மேல் போர்த்தாமல், தம் வாத்தியத்தையே ராகத்தின் தேவைக்கு வளைத்துக்கொண்ட பணிவு, இந்தக் குழுவைப் பிற முயற்சிகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

நாம் புதிய வாத்தியங்களை ஏற்காதவர்கள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுஸ்வாமி தீக்ஷிதரும் வடிவேலுவும் வயலினை ஏற்றார்கள். பின்னர் கிளாரினெட்டும், மாண்டலினும், கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸஃபோனும் வந்தன. ஆனால் அந்த வாத்தியங்களை நம் வழிக்குப் பாட வைத்தோம். அவற்றோடு வந்த சங்கீதக் கொள்கையை வாசலிலேயே நிறுத்திவிட்டோம். ஒரு கருவியை ஏற்பதைவிட ஒரு கொள்கையோடு உரையாடுவது கடினம்.

கணக்கு என்னும் பொதுமொழி

ராகத்தில் எச்சரிக்கையாக இருந்த அந்தக் குழு, லயத்தில் மட்டும் அச்சமின்றிக் கலந்தது. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்ற ஐந்து ஜாதிகளாலும் எதையும் கட்டலாம் என்பது நம் லய சாஸ்திரத்தின் பேராற்றல். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் 8 அக்ஷரங்கள், சதுஸ்ர நடையில் 32 மாத்திரைகள். 8 மாத்திரைச் சொற்கட்டு ஒன்றை மூன்று முறை சொல்லி, நடுவே இரண்டு இடத்தில் 4 மாத்திரை இடைவெளி விட்டால் கணக்குச் சரியாகச் சமத்தில் வந்து விழும். இந்த அறிவுக்கு ஸ்வரமும் வேண்டாம், சுருதியும் வேண்டாம். வாயால் கொன்னக்கோல் சொல்லத் தெரிந்தால் போதும். கிதார்க்காரர், வயலின்காரர், வடக்கத்திய தபலா, தெற்கத்திய கடம் என்று நால்வரும் ஒரே கோர்வையைத் தத்தம் வாத்தியத்தில் ஒரே மூச்சில் முடித்தபோது, எந்தச் சம்பிரதாயத்துக்கும் பங்கம் நேரவில்லை.

இரண்டு சங்கீதங்களிலும் இதற்கு இடம் ஏற்கெனவே இருந்தது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறிமாறி வாசித்து, பகுதியை மேலும் மேலும் சுருக்கிக்கொண்டு வரும் குறைப்பு என்ற கட்டத்தை நாம் அறிவோம். ஜாஸ் மேடையிலும் இருவர் நான்கு நான்கு தாளக்கட்டுகளாக மாற்றிக்கொண்டு போட்டியிடும் வழக்கம் உண்டு. சக்தியின் கச்சேரிகளில் கிதாருக்கும் வயலினுக்கும் நடந்த சம்வாதத்தில் இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒன்றாயின. மெக்லாஃப்லின் கொன்னக்கோலை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார் என்பதற்கு, செல்வகணேஷோடு சேர்ந்து அவர் 2007இல் வெளியிட்ட கொன்னக்கோல் பாட ஒளித்தட்டே சான்று. அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ வித்துவான் விஜய் ஐயர், நம் லயக் கணக்குகளை ஜாஸ் பியானோவின் உள்ளெலும்பாக்கிக்கொண்டதும், சென்னைக் கிதார் வித்துவான் பிரசன்னாவோடும் தபலா நிதின் மித்தாவோடும் 2011இல் ‘தீர்த்த’ என்ற தட்டை வெளியிட்டதும் இதே பாதையின் நீட்சி.

மண் பானையின் பதவி

லயம் பொதுமொழியானதும் மேடையின் வரிசைமுறை மாறியே தீரவேண்டியதாயிற்று. நம் கச்சேரியில் பாடகர் நடுநாயகம்; வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியம்; கடம், கஞ்சிரா, மோர்சிங் ஆகியவை உபபக்கவாத்தியம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபையில் பாதிப்பேர் காப்பிக்கு எழுந்து போவது பழக்கமாகிவிட்டது. சங்கீத கலாநிதிப் பட்டம் ஒரு மிருதங்க வித்துவானுக்கு முதன்முறையாகக் கிடைத்ததே 1966இல்தான். பெற்றவர் பாலக்காடு மணி ஐயர். அதே 1966இல், மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலக்ஷ்மி ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது கடம் வாசித்தவர் இளைஞரான விநாயக்ராம். பத்தே ஆண்டுகளில் அந்தக் கடம், கிதாருக்குச் சமமாக அமர்ந்து, தனக்கென்று நெடிய வாசிப்பு நேரமும் பெற்று, உலகம் கேட்கும்படி பேசியது. 1992இல் உலக இசைக்கென்று கிராமி விருது முதன்முறை வழங்கப்பட்டபோது, அதைப் பெற்ற மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ தட்டிலும் அவருடைய கடம் ஒலித்தது.

இந்தக் கௌரவத்தின் மூலத்தைத் தேடிப் போனால் குயவர் தெருவில் நிற்போம். மானாமதுரைக் கடம் கனத்த சுவருடையது. களிமண்ணோடு உலோகத்தூள் கலந்து பிசைந்து, சக்கரத்தில் வனைந்த பிறகு, உள்ளே கல்லை அணைத்து வெளியே பலகையால் தட்டித் தட்டிச் சுவரை எங்கும் ஒரே கனமாக்கிச் சூளையில் வேகவைக்கிறார்கள். அதனாலேயே அதற்கு வெண்கலம் போன்ற கணீரென்ற நாதம். தந்தி வாத்தியத்தை முறுக்கிச் சுருதி கூட்டலாம். மிருதங்கத்தின் வாரை இறுக்கலாம். சூளையை விட்டு வந்த கடத்துக்கு அதன் சுருதி விதிக்கப்பட்டாயிற்று. ஆகவே வித்துவான் சுருதிக்கு ஒன்றாகப் பல கடங்கள் வைத்துக்கொள்கிறார்; குயவரோ இத்தனை கட்டைக்கு இத்தனை மண், இத்தனை சுற்றளவு என்பதைக் கையாலேயே கணித்து வனைகிறார். கடம் செய்யும் மானாமதுரை மீனாட்சி அம்மையாருக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்ததும், 2023இல் அவ்வூர் மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் தாமதமாக வந்த நியாயங்கள்.

எட்டாத இடங்கள்

இவ்வளவு சொன்ன பிறகு குறைகளை மறைப்பது விமரிசன தர்மம் ஆகாது. வேகமும் கணக்கும் கைதட்டலைக் கொண்டுவருவதை உணர்ந்த குழு, பல இடங்களில் அவற்றுக்கே அடிமையாயிற்று. சௌக காலத்தில் ஒரு தோடியை விஸ்தாரமாகப் பரப்பும் நிதானத்துக்கு அங்கே இடம் அரிது. முதல் அணியில் வாய்ப்பாட்டு இல்லை. பிரதான உறுப்பினர்களில் பெண் ஒருவரும் இருந்ததில்லை. இந்த இரண்டிலும் பெங்களூரின் கர்நாடக தாளவாத்தியக் கல்லூரி முந்திக்கொண்டது: டி.ஏ.எஸ். மணி தலைமையில், ஆர்.ஏ. ராமமணியின் குரலை நடுவே வைத்து, அமெரிக்க சாக்ஸஃபோன் வித்துவான் சார்லி மரியானோவுடன் 1983இல் ‘ஜ்யோதி’ என்ற தட்டை அது வெளியிட்டது. ‘திஸ் மொமெண்ட்’ தட்டிலோ, கொள்ளைநோய்க் காலத்தில் உறுப்பினர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தபடி பதிவு செய்து இணைத்த பகுதிகள் உண்டு; எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லும் மனோதர்மத்துக்கு அது முழு ஈடாகாது.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. அது சக்தியை மட்டும் சார்ந்ததன்று. உலக சங்கமம் என்று பேசிய முயற்சிகள் எல்லாம் நம் நாட்டிலிருந்து சபா சங்கீதத்தையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டன. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சேதுராமன்–பொன்னுச்சாமி சகோதரர்கள் வாசித்து நாடெங்கும் ஒலிக்கச் செய்த மதுரையின் நாதஸ்வரம், அந்த மேடைகளில் அபூர்வம். அதைத் தேடிக் கற்று ஜாஸில் வாசித்தவர் மேற்சொன்ன மரியானோவே. தவிலின் தனி ஆவர்த்தனத்தில் உபபக்கவாத்தியம் என்ற தாழ்வே கிடையாது. லய வின்யாசத்தை மணிக்கணக்கில் நின்று கேட்ட கூட்டம் கோயில் வீதிகளில் இருந்தது. அப்படியிருக்க, தாளத்துக்குச் சமத்துவம் தேடி அட்லாண்டிக்கைக் கடந்தவர்கள், அந்தச் சமத்துவம் ஏற்கெனவே நிலவிய வீதியைக் கவனிக்கவில்லை. பறையும் உறுமியும் பம்பையும் இன்னும் தொலைவிலேயே நிற்கின்றன. அவற்றின் கணக்கு ஏட்டில் ஏறாததனால் கணக்கே இல்லையென்று எண்ணும் அகம்பாவம் நம் வித்துவ உலகில் இன்னும் மறையவில்லை.

முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்தால் மூன்று உண்மைகள் புலப்படும். மாணவராக அமர்ந்து பயின்றவர்கள் செய்த சேர்க்கை நிலைத்தது. விருந்தாளிகளாக வந்து கைகுலுக்கியவர்களின் சேர்க்கை அன்றோடு முடிந்தது. லயத்தின் வழியே புகுந்தவர்கள் இரு மரபுகளுக்கும் ஊறின்றிக் கலந்தார்கள். கார்டுகளின் வழியே அவசரப்பட்டுப் புகுந்தவர்கள் ராகத்தைக் கரைத்தார்கள். கலப்பிசையால் நமக்குக் கிடைத்த நிலையான லாபம் புதிய ராகமோ புதிய மெட்டோ அல்ல. பக்கத்திலும் பின்னாலும் அமர்ந்திருந்த வாத்தியம் நடுவே அமரத் தகுந்தது என்று ஐயமின்றி நிரூபிக்கப்பட்டதே அது.

ஆகவே இனி ஒரு கலப்பிசைக் குழுவை மதிப்பிட வருகிறவர், ராகம் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டு அமைதியடையலாகாது. இவர்கள் ஒருவரிடம் ஒருவர் பாடம் கேட்டவர்களா, அசையாத ஆதாரம் எது என்று முன்னதாகத் தீர்மானித்துக்கொண்டவர்களா, இதுவரை மேடை ஏறாத எந்த வாத்தியத்தை மேடை ஏற்றினார்கள் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். முதல் இரண்டுக்கும் சக்தி குழு தக்க பதில் சொல்லியிருக்கிறது. மூன்றாவதற்குக் கடத்தைக் காட்டியதோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் நாதஸ்வரத்தையும் தவிலையும் உறுமியையும் கொண்டு பதிலளிக்க வேண்டிய பொறுப்பு, அவ்வாத்தியங்கள் வீதியில் முழங்குவதை ஆண்டுதோறும் கேட்கும் மதுரையின் சங்கீத கலாசாலைகளையும் சபைகளையும் சார்ந்தது. பல்லவியையும் பறை அடவையும் ஒரே வகுப்பில் கொன்னக்கோலாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குவதே அதற்கு முதற்படி. அதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டியதில்லை, வெளிநாட்டுப் பிரயாணமும் வேண்டியதில்லை.